புனித ஜார்ஜ் கோட்டையும் கோட்டை அருங்காட்சியகமும் – திருத்தணியிலிருந்து ஒரு பார்வை

திருத்தணிக்கு வடமேற்கே, திருப்பதியை அடுத்துச் சந்திரகிரிக் கோட்டை உள்ளது. தென்கிழக்கே சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை உள்ளது. முன்னது விசயநகர அரசின் கடைசித் தலைநகரங்களுள் ஒன்று. பின்னது ஆங்கிலேயர் இந்தியாவில் கட்டிய முதல் பெருங்கோட்டை. இரண்டிலும் இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகங்கள் இயங்குகின்றன.

கோட்டையின் தோற்றம்

1639 ஆகஸ்டில், விசயநகர அரசின் கீழிருந்த தாமர்ல வெங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கடற்கரை நிலத்தைப் பெற்றார். 1640 ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாளன்று, கோட்டையின் முதற்பகுதி முடிந்ததால் அப்பெயர் அமைந்தது. 1645இல் மூன்றாம் ஸ்ரீரங்கர் இக்கொடையை உறுதி செய்தார். வணிகத்துக்காக வாங்கிய இடம் நாளடைவில் ஆட்சிக்கான இடமாயிற்று. 1746இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய கோட்டை 1749இல் ஆங்கிலேயரிடம் திரும்பியது. அதன்பின் அரண்கள் பெரிதும் வலுப்படுத்தப்பட்டன. 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயம் இன்றும் கோட்டைக்குள் உள்ளது. ராபர்ட் கிளைவின் திருமணம் 1753இல் இங்குதான் நடந்தது.

அருங்காட்சியகம்

அருங்காட்சியகக் கட்டடம் 1795இல் கட்டி முடிக்கப்பட்டது. வணிகர்கள் கூடிப் பேசும் மன்றம் இதன் மாடியில் இருந்தது. சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796இல் இக்கட்டடத்தின் மேல்தான் ஏற்றப்பட்டது. 1948 ஜனவரி 31 முதல் இது அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்துள்ளது. வாள், துப்பாக்கி, பீரங்கி, நாணயங்கள், பீங்கான் கலங்கள், ஆளுநர்களின் உருவப்படங்கள் ஆகியவை காட்சியில் உள்ளன.

இரு பொருள்களை நின்று பார்க்க வேண்டும். ஒன்று, தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய கார்ன்வாலிஸ் சிலை. 1792 உடன்படிக்கையின்போது திப்பு சுல்தானின் இரு சிறுவர்களைப் பிணையாக ஒப்படைத்த காட்சி இதன் பீடத்தில் புடைப்பாக உள்ளது. வென்றவர் தம் வெற்றியாகச் செதுக்கியதை, இன்று காண்பவர் தந்தையைப் பிரிந்த பிள்ளைகளின் துயரமாகவும் காணலாம். மற்றொன்று, 1947 ஆகஸ்ட் 15 அன்று இக்கோட்டையில் ஏற்றப்பட்ட மூவண்ணக் கொடி.

திருத்தணியுடன் தொடர்பு

கார்வேட்டிநகர் ஜமீன் பகுதியாக இருந்த திருத்தணி, 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. அப்போது அம்மாவட்டத்தை ஆண்ட சென்னை மாகாண அரசின் தலைமையிடம் இக்கோட்டையே. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்குச் சென்றது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினர். படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தமிழ்நாட்டின் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இன்றும் கோட்டைக்குள்ளேயே உள்ளன. ஆகவே திருத்தணி மக்களுக்கு இக்கோட்டை பழம்பொருள் மட்டுமன்று. தாம் போராடிச் சேர்ந்த மாநிலத்தின் தலைமையிடமும் ஆகும்.

செல்லும் வழி

திருத்தணியிலிருந்து அரக்கோணம் வழியாகச் சென்னை சென்ட்ரலுக்குப் புறநகர் ரயில்கள் உள்ளன. அங்கிருந்து கோட்டை அருகிலேயே உள்ளது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.