கொற்கையில் மேடு யாருக்கு?

கொற்கை என்றதும் பாடப்புத்தகம் நமக்குச் சொல்லித் தந்தது முத்தும் பாண்டியர்களும் யவன வணிகமும்தான். ஆற்றைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. கொற்கையின் கதையை முடித்ததே தாமிரபரணிதான். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகியது; துறைமுகம் காயலுக்கும், பிறகு புன்னைக்காயலுக்கும் நகர்ந்தது. 1870களில் கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்து எழுதியதும் இதைத்தான். இன்று கொற்கை கடல் கண்ணில் படாத ஒரு சிற்றூர்.

ஆறு போட்ட இந்தத் தாழ்ந்த நிலத்தில் சற்று மேடான இடம் ஊருக்குப் போனது. சேரிக்கு எது மிஞ்சியது என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால் கரை, குளத்து ஓரம், புறம்போக்கு. முத்துக்கு இத்தனை ஆய்வு செய்தவர்கள் இந்த வரைபடத்தை வரைந்து பார்த்ததில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வெள்ளம் அதை வரைந்து காட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அதிகம். ஏரல் தனித்தீவானது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் ரயிலில் சிக்கிய சுமார் 800 பேரை நாடே பார்த்தது. ஹெலிகாப்டரில் உணவு வந்தது. வர வேண்டியதுதான். பக்கத்துக் கிராம மக்களும் அவர்களுக்குச் சோறு போட்டார்கள். ஆனால் "மேடான இடத்துக்குப் போங்கள்" என்று அறிவிக்கும்போது, அந்த மேடு யாருடைய தெரு என்று யாரும் யோசிப்பதில்லை.

வெள்ளம் வடிந்ததும் கணக்கெடுப்பு. கடுமையாகப் பாதித்த வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய். பயிர் நிவாரணம் நிலப் பதிவேட்டைப் பார்த்து ஹெக்டேர் கணக்கில் வரும். வாழை சாய்ந்தால் தோட்டக்காரருக்கு இழப்பு. அதே வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சித் தார் சுமந்தவருக்குப் போன கூலி நாட்களுக்குப் படிவத்தில் கட்டமே கிடையாது.

இது புதிதல்ல. 2004 சுனாமியின்போது நாகப்பட்டினத்தில் படகும் வலையும் இழப்பாயின, கூலி இழப்பாகவில்லை. முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. பிணங்களை அகற்ற மட்டும் வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை அழைத்து வந்தார்கள்; அவர்கள் யாராக இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டம், 61ஆம் பிரிவில், நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. மனு எழுதும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். வீடு எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்பதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை.