வசந்தத்தில் மூடப்பட்ட பாடசாலை

வால்டோர்ஃப் பாடசாலைகள் வசந்த காலத்தில் வெளியிடும் செய்திமடல்கள் சிலவற்றை அண்மையில் வாசித்தோம். எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான். தோட்டத்தில் விதை போட்டாயிற்று. எட்டாம் வகுப்பு நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிறது. பழைய மாணவர் ஒருவர் இப்ப தச்சுவேலை செய்கிறார், இன்னொருவர் வைத்தியர். மே மாதம் ஒன்றுகூடல், வாற ஆட்கள் கேக் செய்துகொண்டு வாங்கோ. எங்கட ஊர்ப் பழைய மாணவர் சங்கச் செய்திகளைப் போலவே, வாசிக்க நல்லாத்தான் இருக்கு, ஒருவரும் ஒன்றிலும் தோற்றதாகத் தெரியவில்லை.

ஆனால் இந்தப் பாடசாலைகள் அனைத்துக்கும் தாய்ப் பாடசாலையான ஸ்டுட்கார்ட் பாடசாலைக்கு ஒருமுறை வந்த வசந்தச் செய்தி வேறு மாதிரியானது. 1938 மார்ச் முடிவோடு பாடசாலை மூடப்படுகிறது என்பதே அது. அந்தக் காலத்தில் ஜேர்மனியில் புதிய கல்வியாண்டு உயிர்த்த ஞாயிறை ஒட்டித்தான் தொடங்கும். ஆக, புது வகுப்புக்குப் போகவேண்டிய பிள்ளைகள் அந்த வசந்தத்தில் போக ஒரு பாடசாலை இல்லாமல் நின்றார்கள். அந்த மூடலைப் பற்றியும், மூடப்படாமல் தப்பிய ஒரேயொரு வகுப்பைப் பற்றியும்தான் இங்கே கதைக்கப் போகிறோம். அதற்கு முதலில் ஒரு சிகரட் ஆலைக்குள் போகவேண்டும்.

வால்டோர்ஃப் என்றால் ஏதோ கல்வித் தத்துவத்தின் பெயர் என்றுதான் நாங்களும் கனகாலம் நினைத்திருந்தோம். அது சிகரட்டின் பெயர். ஜேர்மனியில் ஹைடல்பேர்க்குக்குப் பக்கத்தில் வால்டோர்ஃப் என்று ஒரு ஊர். அங்கே 1763இல் ஒரு கசாப்புக்காரரின் வீட்டில் பிறந்த ஜோன் ஜேக்கப் அஸ்ரர் அமெரிக்காவுக்குப் போய், மிருகத் தோல் வியாபாரத்திலும் காணி வியாபாரத்திலும் பெரும் பணக்காரர் ஆனார். அவருடைய வாரிசுகள் நியூயோர்க்கில் கட்டிய ஹோட்டலுக்கு வால்டோர்ஃப் அஸ்ரோரியா என்று பெயர் வைத்தார்கள். அந்த ஹோட்டலின் பெயர் சிகரட் பெட்டிக்கு வந்தது. சிகரட் பெட்டியிலிருந்து பாடசாலைக்கு வந்தது.

ஸ்டுட்கார்ட்டில் இருந்த வால்டோர்ஃப் அஸ்ரோரியா சிகரட் ஆலையின் பணிப்பாளர் எமில் மோல்ட். 1876இல் பிறந்தவர், சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். முதலாம் உலகப்போர் முடிந்து, 1918 நவம்பரில் மன்னர்கள் எல்லாம் முடி துறந்து, ஜேர்மனி எந்தப் பக்கம் சாயும் என்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்த மாதங்கள் அவை. மோல்ட் தன் தொழிலாளருக்கு ஆலைக்குள்ளேயே வகுப்புகள் தொடங்கினார், அதுவும் சம்பளத்தோடான வேலை நேரத்தில். ஆனால் வேலை செய்து களைத்த வளர்ந்த ஆட்களுக்குப் படிப்பு இலேசில் ஏறவில்லை. இதைச் சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த நாளைய ஜேர்மனியில் தொழிலாளியின் பிள்ளை ஆரம்பப் பாடசாலையோடு பதினான்கு வயதில் படிப்பை முடித்துக்கொண்டு வேலைக்குப் போகும். காசுள்ள வீட்டுப் பிள்ளை ஒன்பது, பத்து வயதிலேயே பிரிந்து வேறு பாடசாலைக்குப் போய்விடும், அங்கிருந்து பல்கலைக்கழகம். பத்து வயதில் ஒரு பிள்ளையின் தலையெழுத்தை எழுதிவிடுவது எப்படிப்பட்டது என்று ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய எங்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்று ஆசிரியரே பரிந்துரைத்தும், மேலே படிக்க வைக்க வசதியில்லாத தன் தொழிலாளி ஒருவரின் கதை மோல்ட்டின் மனதில் தைத்திருந்தது. பாடசாலை யோசனைக்கு அதுவும் ஒரு காரணம்.

1919 ஏப்ரல் 23ஆம் திகதி ருடொல்ஃப் ஸ்டைனர் அந்த ஆலைத் தொழிலாளர் முன் உரையாற்றினார். ஒஸ்திரியாவிலிருந்து வந்த தத்துவவாதி அவர். ஆன்மீகத்தை விஞ்ஞானத்தைப் போல ஆராயலாம் என்று சொன்ன அந்த்ரோபொசொஃபி இயக்கத்தின் நிறுவுநர். அவருடைய ஆவி உலக ஆராய்ச்சிகளை எங்களால் விழுங்க முடியவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மனித இனங்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் வாசிக்கவே கூசும் பகுதிகளும் உண்டு. ஆனால் அன்று புகையிலை மணத்துக்கு நடுவில் அவர் சொன்னது, எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்புப் பேதமில்லாமல் பன்னிரண்டு வருடம் ஒரே பாடசாலை வேண்டும் என்பது. கேட்டுக்கொண்டிருந்த தொழிலாளருக்கு அதில் விளங்காமல் போக ஒன்றுமில்லை. எங்கட பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று கிடைக்குமா என்ற கேள்வி ஆலைக்குள்ளிருந்தே வந்தது.

பிறகு எல்லாம் நம்ப முடியாத வேகத்தில் நடந்தன. ஊலண்ட்ஸ்ஹோஹ என்ற மேட்டில் இருந்த ஒரு பழைய உணவகத்தை மோல்ட் வாங்கினார். வூர்ட்டெம்பேர்க் மாநிலத்தின் கல்வி அமைச்சர் பெர்தோல்ட் ஹைமன் அனுமதி தந்தார். அவர் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர், யூதர். ஹிட்லர் வந்தபிறகு அவர் சுவிட்சர்லாந்துக்குப் போக நேர்ந்ததை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். ஓகஸ்ட் கடைசியில் ஆசிரியர்களுக்கு இரண்டு கிழமைப் பயிற்சி. செப்டெம்பர் 7ஆம் திகதி திறப்பு விழா. 256 பிள்ளைகள், எட்டு வகுப்புகள். அந்த 256 பேரில் 191 பேர் சிகரட் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள். அவர்களுடைய கட்டணத்தை ஆலை கட்டியது.

ஆம்பிளைப் பிள்ளைகளும் பொம்பிளைப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்தார்கள். ஆம்பிளைப் பிள்ளைகளும் கம்பளி பின்னப் பழகினார்கள். முதலாம் வகுப்பிலிருந்தே இரண்டு அந்நிய மொழிகள், ஆங்கிலமும் பிரெஞ்சும். நேற்றுவரை போரில் எதிரிகளாக இருந்தவர்களின் மொழிகளைத் தொழிலாளியின் ஆறு வயதுப் பிள்ளை படிக்கத் தொடங்கியது. காலையில் முதல் இரண்டு மணித்தியாலம் ஒரே பாடம், அதே பாடம் சில கிழமைகளுக்குத் தொடரும், பிறகு அடுத்தது. ஒரே ஆசிரியர் எட்டு வருடம் பிள்ளைகளோடு மேலே வருவார். புள்ளி குறைந்தது என்று ஒருவரையும் அதே வகுப்பில் மறித்து வைப்பதில்லை.

இதோடு கதையை நிற்பாட்டினால் வடிவாக இருக்கும். நூற்றாண்டு விழா மலர்களில் பெரும்பாலும் அப்படித்தான் நிற்பாட்டுகிறார்கள். ஆனால் சில வருடங்களிலேயே மாணவர் தொகை ஆயிரத்தை எட்டியபோது, புதிதாக வந்தவர்களில் அதிகம் பேர் மோல்ட்டின் ஆலையோடு சம்பந்தமில்லாத, வசதியான, ஸ்டைனரின் கொள்கையில் ஈடுபாடுள்ள குடும்பங்களின் பிள்ளைகள். ஸ்டைனர் 1925 மார்ச் 30ஆம் திகதி இறந்தார். 1929இல் ஆலை றீம்ற்ஸ்மா என்ற பெரிய சிகரட் கம்பனியின் கைக்குப் போய், ஸ்டுட்கார்ட்டில் வேலை நின்றது. தொழிலாளியின் பிள்ளைக்குக் கட்டணம் கட்ட இனி ஆலை இல்லை. பெயர் மட்டும் மிஞ்சியது. இன்று கலிபோர்னியாவில் கணினிக் கம்பனி அதிகாரிகள் தங்கள் பிள்ளைகளைத் திரை இல்லாமல் வளர்க்கவென்று பெரிய கட்டணம் கட்டி வால்டோர்ஃப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள் என்று வாசிக்கும்போது, அந்த 191 பேர்தான் எங்களுக்கு ஞாபகம் வருகிறார்கள்.

1933இல் நாஸிகள் வந்தார்கள். இந்தப் பாடசாலைகளை அவர்கள் வெறுக்கக் காரணங்கள் இருந்தன. பிள்ளை அரசுக்குச் சொந்தம் என்பவர்களுக்கு, ஒவ்வொரு பிள்ளையும் தன் வழியில் வளரவேண்டும் என்று சொல்லும் பாடசாலை தேவையில்லை. 1935 நவம்பரில் அந்த்ரோபொசொஃபி சங்கம் தடைசெய்யப்பட்டது. ஹைட்ரிக்கின் கையொப்பம். பாடசாலைகளுக்குப் புதிய பிள்ளைகளைச் சேர்க்கவும் தடை வந்தது. கீழ் வகுப்பு இல்லாமல் போனால் பாடசாலை தானாகச் சாகும் என்பது கணக்கு.

இந்த இடத்தில் பாடசாலைக்காரர் என்ன செய்தார்கள் என்பதுதான் சங்கடமான பகுதி. அவர்கள் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள் என்று சொல்ல எங்களுக்கும் ஆசைதான். நடந்தது அதல்ல. சில தலைவர்கள் தங்கள் கல்விமுறை ஜேர்மன் உணர்வை வளர்ப்பது, புதிய அரசின் நோக்கங்களுக்கு முரணானது அல்ல என்று அதிகாரிகளுக்கு எழுதினார்கள். ஹிட்லரின் உதவித் தலைவர் ருடொல்ஃப் ஹெஸ்ஸின் அலுவலகத்தில் ஆதரவு தேடினார்கள், ஓரளவு கிடைக்கவும் செய்தது. யூத வம்சாவளியினரான ஆசிரியர்கள் 1934இல் ஸ்டுட்கார்ட் ஆசிரியர் குழுவிலிருந்து விலக வேண்டியதாயிற்று. பாடசாலையைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்று அவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இப்படியான கணக்குகளை நெருக்கடிக் காலத்தில் நிறுவனங்கள் எல்லா நாட்டிலும் போடுகின்றன. இந்தக் கணக்கு பிழைத்தது. விட்டுக்கொடுத்ததும் போய், பாடசாலையும் போனது.

1936 ஜூனில் மோல்ட் இறந்தார். முடிவை அவர் பார்க்கவில்லை. ஹனோவர், பேர்லின் பாடசாலைகள் ஸ்டுட்கார்ட்டுக்கு முதலே மூடின. ஸ்டுட்கார்ட் பாடசாலையை மாநில அரசின் உத்தரவு நேரடியாக மூடியது. கடைசி நாளில் பாடசாலைக் குடும்பத்துக்கு விடைகொடுத்துப் பேசியவர் ஃபிரிட்ஸ் ஃபொன் போத்மர், தேகப்பயிற்சி ஆசிரியர், ஒரு காலத்தில் இராணுவ அதிகாரியாக இருந்தவர். அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் அரச பாடசாலைகளில். 1919இல் ஆறு வயதில் முதலாம் வகுப்பில் இருந்த பொடியன்களுக்கு அப்போது இருபத்தைந்து வயது. அடுத்த வருடமே போர் தொடங்கியது.

இனி அந்த ஒரேயொரு வகுப்பின் கதைக்கு வருவோம். கார்ல் ஷூபர்ட் 1889இல் வியன்னாவில் பிறந்தவர். 1920இலிருந்து ஸ்டுட்கார்ட் பாடசாலையில் உதவி வகுப்பை நடத்தினார். சாதாரண வகுப்பில் கூடவர முடியாத, இன்று நாங்கள் விசேட தேவையுடைய பிள்ளைகள் என்று சொல்கிறவர்களின் வகுப்பு அது. 1934இல் ஆசிரியர் குழுவிலிருந்து விலகவேண்டி வந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் வகுப்பு நிற்கவில்லை. 1938இல் பாடசாலை மூடியபிறகும் அவர் அதே பிள்ளைகளைத் தனியாக வைத்துப் படிப்பித்தார். போர்க்காலத்திலும் அது தொடர்ந்தது.

இது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்க, ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டரளவில் இருந்த கிராஃபெனெக்கைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். மலைமேல் ஒரு பழைய மாளிகை, மாற்றுத்திறனாளிகளின் இல்லமாக இருந்தது. 1940 ஜனவரியிலிருந்து டிசெம்பர் வரை அங்கே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளும் மனநோயாளிகளும் விசவாயுவால் கொல்லப்பட்டார்கள். வாழத் தகுதியற்றவர்கள் என்று அவர்களை வகைப்படுத்தியிருந்தார்கள். இல்லங்களுக்குப் பட்டியல் படிவம் வரும், பிறகு சாம்பல் நிற பஸ் வரும். அதே மாநிலத்தில், அதே வருடத்தில், சட்டப்படி தானே ஆபத்தில் இருந்த ஒரு மனிதர் அப்படியான பிள்ளைகளைக் காலையில் கூட்டி வைத்து எண்ணவும் பாடவும் பழக்கிக்கொண்டிருந்தார். பெரிய பாடசாலை அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்கள் ஒன்றையும் காப்பாற்றவில்லை. இந்தச் சின்ன வகுப்பு தப்பியது. ஏன் விட்டுவைத்தார்கள் என்றதுக்குப் பின்னால் அதிர்ஷ்டமும் இருந்திருக்கும், கண்டும் காணாமல் விட்ட ஆட்களும் இருந்திருப்பார்கள்.

ஊலண்ட்ஸ்ஹோஹ கட்டடங்கள் குண்டுவீச்சில் சிதைந்தன. 1945 ஒக்டோபரில், அமெரிக்கப் படைகளின் நிர்வாகத்தில், பாடசாலை மீண்டும் திறந்தது. ஆசிரியர்களும் பெற்றோரும் பழைய மாணவர்களும் இடிபாடுகளை அள்ளி, உடையாத செங்கற்களைத் தட்டித் துப்புரவாக்கி அடுக்கினார்கள். திரும்பி வந்தவர்கள் வந்தார்கள். டிரெஸ்டன் பாடசாலைக்கு அந்தக் கொடுப்பினையும் நீடிக்கவில்லை. போருக்கு நடுவே 1941வரை தாக்குப்பிடித்து மூடப்பட்ட அது, 1945இல் திறந்து, 1949இல் கிழக்கு ஜேர்மனியில் இன்னொரு அரசால் மறுபடியும் மூடப்பட்டது. அடுத்த தரம் திறக்க 1990 ஆனது.

இனங்கள் பற்றி ஸ்டைனர் எழுதியவற்றுக்கு முகம்கொடுத்து, பாகுபாட்டுக்கு எதிராக ஜேர்மன் வால்டோர்ஃப் கூட்டமைப்பு ஒரு பிரகடனம் வெளியிட்டது 2007இல்தான். தாமதம்தான், எண்டாலும் வந்தது. உலகத்தில் இன்று 1,200க்கு மேற்பட்ட வால்டோர்ஃப் பாடசாலைகள் இருக்கின்றன.

ஷூபர்ட் 1949இல் இறந்தார். ஸ்டுட்கார்ட்டில் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான ஒரு பாடசாலை இன்று அவருடைய பெயரில் நடக்கிறது. அங்கேயும் வசந்தத்தில் விதை போடுவார்கள்.