மவுஸும் மவுசும்

"அவனுக்கு இப்ப மவுசு கூடிப்போச்சு" என்று நம் பக்கம் சொல்வார்கள். மதிப்பு, கிராக்கி என்று அர்த்தம். எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஒருவர் இதை வைத்து ஒரு வேடிக்கை சொன்னார்: "மவுஸ் வந்தாச்சு, இனி டிராஃப்ட்ஸ்மேனுக்கு இருந்த மவுசு போச்சு." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த டிராஃப்ட்ஸ்மேன் நான்தான்.

முப்பது வருடத்துக்கு மேல் படம் வரைந்தே சம்பளம் வாங்கியவன் நான். டிராயிங் போர்டு, டீ-ஸ்கொயர், செட் ஸ்கொயர், ரோட்ரிங் பேனா இவைதான் என் ஆயுதங்கள். டிரேசிங் பேப்பரில் மசிக் கோடு ஒன்று தப்பிவிட்டால் பிளேடால் மெல்லச் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்துச் சமன் செய்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி போட வேண்டும். நடுங்காத கைதான் எங்கள் தொழிலுக்கு மூலதனம்.

1990-களின் நடுவில் எங்களை ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாள், பெயின்ட் என்ற படம் வரையும் மென்பொருளைத் திறந்து வைத்து, "மவுஸைப் பிடிச்சு உங்க கையெழுத்தைப் போடுங்க சார்" என்றார் பயிற்சி கொடுத்த இளைஞர். போட்டேன். கோழி கிளறியது போல் இருந்தது. என் பெயரை என்னாலேயே படிக்க முடியவில்லை. நல்ல கையும் ஆகாத கையும் அந்தத் திரையில் ஒன்றாகிவிட்டன.

இவ்வளவு மோசமாக வரைகிற கருவியை ஏன் வரையக் கொடுத்தார்கள் என்ற கேள்வி அன்று மனதில் விழுந்தது. ஓய்வு பெற்ற பிறகு அங்குமிங்கும் படித்து விடை தெரிந்துகொண்டேன். மவுஸ், வரைவதற்கென்று பிறந்ததே இல்லை.

முதலில் வந்தது பேனா

கம்ப்யூட்டர் திரையில் மனிதன் வரையத் தொடங்கியது பேனாவால்தான். 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர், தன் டாக்டர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளை எழுதினார். அது லிங்கன் ஆய்வுக்கூடத்தில் இருந்த டி.எக்ஸ்-2 என்ற பெரிய இயந்திரத்தில் ஓடியது. ஒரு கையில் ஒளியை உணரும் 'லைட் பேனா'வைப் பிடித்துத் திரையைத் தொட வேண்டும். மற்றக் கையால் பொத்தான்களை அழுத்த வேண்டும்.

கோட்டின் ஒரு முனையை வைத்துவிட்டுப் பேனாவை நகர்த்தினால், ரப்பர் நாடாவை இழுப்பது போலக் கோடு நீண்டுகொண்டே வரும். இன்று பெயின்டில் கோடு இழுக்கும்போது நாம் பார்ப்பது அதைத்தான். இன்னொரு வித்தையும் அதில் உண்டு. நாலு கோட்டைக் கோணல்மாணலாகப் போட்டுவிட்டு, 'இவை இணையாக இருக்கட்டும், இவை சம நீளமாக இருக்கட்டும்' என்று கட்டளை கொடுத்தால் இயந்திரமே சரிசெய்து கொடுத்துவிடும். நேர்கோட்டுக்கு நேரான கை தேவையில்லை என்ற எண்ணம் அப்போதே பிறந்துவிட்டது.

மரக்கட்டை எலி

மறு ஆண்டு, 1964-ல், கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தில் மவுஸ் உருவானது. யோசனை டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவருடையது. செய்து கொடுத்தவர் பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர். கைக்கடக்கமான ஒரு மரக்கட்டை, மேலே ஒரே ஒரு பொத்தான், அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். ஒரு சக்கரம் பக்கவாட்டு நகர்வையும் மற்றது முன்பின் நகர்வையும் அளக்கும். அவ்வளவுதான்.

எங்கெல்பார்ட்டின் கவலை படத்தைப் பற்றியது அல்ல, எழுத்தைப் பற்றியது. திரையில் இருக்கிற ஒரு சொல்லைச் சட்டென்று சுட்டிக்காட்ட எது நல்ல கருவி என்று அவர் குழு பரீட்சை வைத்துப் பார்த்தது. லைட் பேனா, ஜாய்ஸ்டிக், மேசைக்கு அடியில் முழங்காலால் ஆட்டும் கருவி எல்லாம் போட்டியில் இருந்தன. பழகியவர்கள் கையில் மவுஸ் முந்தியது. பழகாதவர்களிடம் முழங்கால் கருவி சற்று முந்தியதாம்! அது மட்டும் ஜெயித்திருந்தால் நாமெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்த மாதிரி முழங்காலை ஆட்டிக்கொண்டு இருந்திருப்போம்.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய கூட்டத்தின் முன் எங்கெல்பார்ட் மவுஸை இயக்கிக் காட்டினார். 1970-ல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் அது உலகமெல்லாம் பரவியபோது அவருக்கு ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை.

ஆக, மவுஸ் ஒரு சுட்டுவிரல். தமிழில் 'சுட்டி' என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள். சுட்டுவதற்கு வந்ததை வரையச் சொன்னால் என்ன ஆகும்? பேனாவில் விரல்நுனி வேலை செய்யும், அழுத்தம் இருக்கும், சாய்வு இருக்கும். மவுஸில் மணிக்கட்டும் முழங்கையும்தான் நகர்கின்றன. கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். சோப்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு எழுதுவது போலத்தான்.

குறையைச் சரிக்கட்டிய கருவிகள்

இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் ஒவ்வொரு கருவியாகப் பிறந்தது. இதில் பெரிய பெயர் பில் அட்கின்சன். 1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டோஷ் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதோடு வந்த மேக்பெயின்ட் அவர் எழுதியது. திரையில் கறுப்பு வெள்ளை இரண்டு நிறம்தான். அகலத்தில் 512 புள்ளி, உயரத்தில் 342 புள்ளி. நினைவகம் 128 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது.

அதற்குள்தான் இடது ஓரத்தில் பென்சில், பிரஷ், ஸ்பிரே, பெயின்ட் வாளி, ரப்பர், வட்டம், சதுரம் என்று ஒரு கருவிப்பெட்டியை வைத்தார். எல்லாம் நம் மேசையில் இருந்தவற்றின் பெயர்கள். படத்தைப் பார்த்தாலே எதற்கு என்று விளங்கிவிடும்.

வட்டம் போட்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த இயந்திரத்துக்குப் பெரிய கணக்குகள் வேகமாக வராது. அட்கின்சன் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைப் பிடித்தார். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண்கள் வரும்: 1+3=4, 1+3+5=9, 1+3+5+7=16. வர்க்கமூலம் எடுக்காமல், வெறும் கூட்டலை வைத்தே வட்டங்களைச் சரசரவென்று போட்டார். அதைப் பார்த்த ஸ்டீவ் ஜாப்ஸ், "மூலை வளைந்த செவ்வகம் எங்கே?" என்று கேட்டாராம். அது எதற்கு என்று அட்கின்சன் இழுத்தபோது, தெருவுக்குக் கூட்டிப்போய் நோ பார்க்கிங் பலகை வரை ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார். மறுநாள் மூலை வளைந்த செவ்வகமும் வந்துவிட்டது.

வாளியால் வண்ணம் ஊற்றுவதை பெயின்டில் விளையாடிய எல்லோரும் செய்திருப்பார்கள். எல்லைக் கோட்டில் ஒரே ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும், வரப்பில் நண்டு வளை இருந்தால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போவது போல, வண்ணம் படம் முழுக்கப் பரவிவிடும். அந்த ஓட்டையைத் தேடுவதற்கும் மேக்பெயின்டில் வழி இருந்தது. படத்தின் ஒரு சிறு பகுதியைப் பெரிதாக்கி, ஒவ்வொரு புள்ளியையும் ஒரு கட்டமாகக் காட்டும். மவுஸால் கட்டம் கட்டமாகத் தட்டித் திருத்தலாம். கை நடுங்கினாலும் கட்டம் நடுங்காது.

எல்லாவற்றையும்விடப் பெரியது 'அன்டூ', அதாவது செய்ததைத் திரும்பப் பெறுவது. பிளேடால் மசியைச் சுரண்டியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். பயிற்சியின் இரண்டாம் நாள் அதைக் காட்டினார்கள். போட்ட கோடு ஒரு தட்டில் மறைந்தது, தாளில் வடு இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இத்தனை வருடம் எதற்குப் பயந்து மூச்சைப் பிடித்தேன் என்றுதான் தோன்றியது.

நம் ஊருக்கு மேக்பெயின்ட் அதிகம் வரவில்லை. 1985-ல் வந்த விண்டோஸின் முதல் பதிப்பிலேயே பெயின்ட் இருந்தது. விண்டோஸ் 95-ன் பெயின்ட்தான் நம் கம்ப்யூட்டர் சென்டர்களில் முதல் பாடமானது. 2017-ல் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடப் போவதாகச் செய்தி வந்ததும் உலகெங்கும் மக்கள் வருந்தியதைப் பார்த்து, பெயின்ட் தொடரும் என்று அறிவிக்க வேண்டியிருந்தது.

வளைவைப் பிடித்த கைப்பிடி

ஆனால் எங்கள் மவுசை உண்மையில் கொண்டுபோனது பெயின்ட் அல்ல, வளைகோடு. நேர்கோட்டுக்கு ஸ்கேல் இருக்கிறது, வட்டத்துக்குக் காம்பஸ் இருக்கிறது. இரண்டிலும் சேராத வளைவுக்கு நாங்கள் பிரெஞ்சு கர்வ் என்ற வளைந்த அச்சை வைத்துத் துண்டு துண்டாகப் போட்டு, ஒட்டு தெரியாமல் இணைப்போம். பழைய கப்பல் கட்டுபவர்கள் மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து, ஈயக் கட்டிகளால் நிறுத்தி வைத்து வரைந்தார்கள்.

பிரான்சில் இதே பிரச்சினை கார் கம்பெனிகளுக்கு இருந்தது. கார் உடம்பு முழுக்க வளைவு அல்லவா? சிட்ரோயனில் பால் டி காஸ்டெல்ஜோ 1959-லேயே ஒரு கணித வழி கண்டார். கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. ரெனோவில் பியர் பெசியே 1960-களில் தானாக அதே இடத்துக்கு வந்து வெளியிட்டார். அதனால் பெயர் 'பெசியே வளைவு' என்று நின்றுவிட்டது.

இரண்டு முனைப் புள்ளிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி. கோடு எந்தத் திசையில் கிளம்ப வேண்டும் என்பதைக் கைப்பிடியின் சாய்வு சொல்லும். அந்தத் திசையில் எவ்வளவு பிடிவாதமாகப் போக வேண்டும் என்பதை அதன் நீளம் சொல்லும். மீதியைக் கணக்கு பார்த்துக்கொள்ளும். 1987-ல் அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் இதைப் 'பேனாக் கருவி'யாக மவுஸில் கொடுத்தது. 1989-ல் கனடாவிலிருந்து கோரல்டிரா வந்தது. நம் ஊர் அச்சகம், கல்யாணப் பத்திரிகைக் கடை, ஃப்ளெக்ஸ் கடை எல்லாவற்றிலும் பிற்பாடு புகுந்தது இந்தக் கோரல்டிராதான். கம்ப்யூட்டரில் நாம் படிக்கிற தமிழ் எழுத்தின் வளைவுகளும் இந்த வகைக் கணக்காகத்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன.

இங்கேதான் மவுஸ் தன் பிறவி வேலைக்குத் திரும்பியது. வரைய வேண்டாம், சுட்டினால் போதும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, கொஞ்சம் இழு.

எங்கள் ஊரில் ஒரு போர்டு பெயின்டர் இருந்தார். சாக்பீஸ் தடவிய நூலைச் சுவரில் தெறித்து, அந்தக் கோட்டின் மேல் ஸ்கேல் வைக்காமல் 'ஜவுளி ஸ்டோர்' என்று எழுதினால் 'ஜ'வின் வளைவைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்து வேலை குறைந்துவிட்டது. ஒருநாள் டீக்கடையில் சொன்னார்: "அண்ணே, என் கை இன்னிக்கும் நடுங்காது. ஆனா அந்தப் பெட்டிக்கு நடுங்காத கையே தேவையில்லையே." எனக்குப் பென்ஷன் இருந்தது. அவருக்கு அது இல்லை. பதில் சொல்லத் தெரியாமல் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது என் வலது கை நடுங்குகிறது. மூன்று வருடமாகப் பேனாவில் ஒரு கோடு நேராக வருவதில்லை. போன கோடையில் பேத்தி, இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளை என் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். எங்கள் ஊர் ஏரியின் பழைய மதகை நினைவிலிருந்து வரைந்தேன். புள்ளி தப்பி விழுந்தால் பிடித்து நகர்த்தினேன், இல்லையென்றால் அன்டூ. மதகின் வளைவு நான் முப்பது வயதில் போட்டது போலவே வந்தது.

பக்கத்தில் நின்ற பேத்தி கேட்டாள். "தாத்தா, உங்க கை நடுங்குது, கோடு மட்டும் ஏன் நடுங்கல?"

"கோட்டை நான் போடலம்மா. எங்க போகணும்னு மட்டும் சொல்றேன்" என்றேன்.

அவள் போன பிறகு அந்தப் பெயின்டரை நினைத்துக்கொண்டேன். அவர் பிழைப்பைக் கொண்டுபோன அதே வளைவுதான் எனக்கு என் மதகைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. படத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று ஆசை. இன்னும் காட்டவில்லை.