காட்டுக்கென்று பிறந்த குறுந்துவக்கு

புத்தளத்திலிருந்து கொழும்பு வீதியில் தெற்கே சென்று, பாலாவிச் சந்தியில் திரும்பினால், ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலுமாக நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தை அடையலாம். அங்குள்ள கரையோரக் கிராமங்களுள் ஒன்று மாம்புரி. வடக்கே, 1676ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டி முடித்த கற்பிட்டிக் கோட்டை நிற்கிறது. பாலாவியிலோ, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை அமைத்த விமானத்தளம் இருந்தது. இராசாளிப் பறவையின் சிங்களப் பெயரால் அதனை ‘ராஜாலிய’ என்று அழைத்தனர். அத்தளத்தில் போர் விமானங்களை யானைகள் இழுத்துச் செல்லும் புகைப்படங்கள் இன்றும் புகழ் பெற்றவை.

மீனும் உப்பும் தென்னையும் தந்து வாழ்ந்த இந்தக் கரை, அந்நாளில் பெரும் போர் ஒன்றின் கொல்லைப்புறமாக விளங்கியது. 1944ஆம் ஆண்டு ஏப்ரலில் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. அன்று முதல், பர்மாவையும் மலாயாவையும் மீட்கும் திட்டங்கள் பல இலங்கை மண்ணில் உருவாயின. அப்போரோடு பிணைந்த ஆயுதங்களுள், இன்று பழம்பொருள் சேர்ப்போர் பெரிதும் விரும்பித் தேடுவது ‘கார்பைன்’ எனப்படும் குறுந்துவக்கு.

துவக்கு என்பது ஈழத் தமிழர் நாவில் வழங்கும் சொல். தமிழ்நாட்டார் அதனைத் துப்பாக்கி என்பர். இரண்டும் துருக்கிய மொழிச் சொல்லொன்றின் வழிவந்தவை என்பது அறிஞர் கருத்து. கார்பைன் என்பதோ பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. குதிரைமேல் அமர்ந்த வீரன் நீண்ட துவக்கை எளிதில் கையாள முடியாது. ஆதலின் அவனுக்கெனக் குழலைக் குறைத்துச் செய்யப்பட்டதே கார்பைன். குதிரைப்படை மறைந்தபின்னும் குறுந்துவக்கு மறையவில்லை. வாகன ஓட்டிகளும் பீரங்கிப் படையினரும் விமானத்திலிருந்து குதிக்கும் வீரரும் அதனை விரும்பினர். அடர்ந்த காட்டில் நடப்போருக்கோ அது இன்றியமையாததாயிற்று.

அமெரிக்கர் செய்த ‘எம் 1’ கார்பைன் இவ்வகையில் முதன்மையானது. அதன் எடை சுமார் 5 இராத்தலே. 1942 முதல் 1945 வரை 60 இலட்சத்துக்கு மேற்பட்ட எம் 1 கார்பைன்கள் செய்யப்பட்டன. யப்பானியர் வசமிருந்த மலாயாவில், மக்கள் யப்பானிய எதிர்ப்புப் படை என்னும் கரந்துறை படை இயங்கி வந்தது. பிரித்தானியரின் 136ஆம் பிரிவு அதற்கு உதவியது. அப்பிரிவின் அதிகாரிகள் இலங்கையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்களில் சென்று மலாயாக் கரையில் இறங்கினர். பின்னர் விமானங்கள் குடைகட்டி ஆயுதங்களை இறக்கின. அவ்வாயுதங்களிடையே கார்பைன்களும் இருந்தன. 1945 டிசம்பரில் அப்படை கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தைக் கையளித்த வீரனுக்கு 350 வெள்ளி தரப்பட்டது. ஆயினும், எல்லாத் துவக்குகளும் திரும்பி வரவில்லை. பல காட்டிலேயே புதைந்து காத்திருந்தன.

பிரித்தானியரும் தமக்கென ஒரு குறுந்துவக்கைச் செய்தனர். அதன் முறையான பெயர் ‘லீ என்பீல்டு இலக்கம் 5’. ‘ஜங்கிள் கார்பைன்’, அதாவது காட்டுக் கார்பைன், என்பது மக்கள் வழக்கில் பின்னர் நிலைத்த பெயரே. நான்காம் இலக்கத் துவக்கின் நீளம் 44½ அங்குலம். இதன் நீளமோ 39½ அங்குலம். எடையும் ஏறத்தாழ 2 இராத்தல் குறைந்து, 7 இராத்தல் அளவில் நின்றது. குழலின் அடிப்பகுதியிலும் உடற்பகுதியிலும் இரும்பைச் சீவியெடுத்தனர். போல்ட் என்னும் பூட்டுக்கோலின் குமிழைக் கூடக் குடைந்து எடை குறைத்தனர். இரவில் சுடும்போது தோன்றும் சுவாலை கண்ணைக் கூசச் செய்யாதிருக்க, குழல் வாயிலே புனல் வடிவான மூடியொன்றைப் பொருத்தினர். 1944 முதல் 1947 வரை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் துவக்குகள் இவ்வாறு உருவாயின.

ஆனால் இலேசான துவக்கு இலவசமாகக் கிடைப்பதில்லை. தோட்டா பழைய .303 தோட்டாவே, மருந்தின் வலி குறையவில்லை. சுமை குறைந்ததால் உதைப்பு கூடியது. அடிக்கட்டையில் பதித்த சிறிய இரப்பர்த் திண்டு, அவ்வுதைப்பைப் பரவவிடாமல் தோளில் ஓரிடத்திலேயே குவித்தது. இவற்றுக்கும் மேலாக, இன்று சரிசெய்த குறி நாளை மாறிவிடுகிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஆய்ந்து பார்த்த இராணுவத்தார், இது திருத்தவொண்ணாத பிறவிக் குறை என்று 1947இல் முடிவு செய்தனர். உற்பத்தியும் அவ்வாண்டோடு நின்றது. இன்று இதனைச் சுட்டுப் பார்ப்போர் பலர், தம் துவக்கில் அக்குறை இல்லை என்று வாதிடுகின்றனர். அவ்வாதம் முடிந்தபாடில்லை.

உற்பத்தி நின்ற மறு ஆண்டே காட்டுக் கார்பைனுக்குக் காட்டில் வேலை வந்தது. 1948 ஜூன் 16ஆம் நாள், மலாயாவின் சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் தோட்டத்துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிரகடனமாயிற்று. அது 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. யப்பானியரை எதிர்க்கக் கொடுத்த துவக்குகள் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தன. அவற்றை எதிர்த்து நின்றவர்களின் கையிலோ இலக்கம் 5. இவ்விரண்டுக்குமிடையே அகப்பட்டவர்களுள் இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர்.

அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்பது அக்காலச் சட்டம். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, தமிழ்நாட்டில் பிறந்தவர். அவரிடமிருந்து கைப்பற்றியதாகச் சொல்லப்பட்டது கார்பைன் அன்று, ஒரு கைத்துப்பாக்கியே. அதற்காக 1949 மே 4ஆம் நாள், கோலாலம்பூர்ப் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். இந்தியாவிலிருந்து எழுந்த கருணை வேண்டுகோள்கள் பயன் தரவில்லை. அதே ஆண்டுகளில், நாட்டின் ஒரு சாராருக்குத் துவக்கு அரசு தந்த உடைமை. மற்றொரு சாராருக்கு அது கழுத்துக் கயிறு.

போர்கள் ஓய்ந்தபின் இத்துவக்குகள் உபரிச் சரக்காயின. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, அவற்றைத் தபாலிலேயே வருவித்துக்கொள்ள முடிந்தது. விரும்புவோர் பெருகவே போலிகளும் பெருகின. நீண்ட துவக்குகளின் குழலை அறுத்து, வாயிலே புனலைப் பொருத்தி, காட்டுக் கார்பைன் என்று விற்றனர் வணிகர். மெய்யான இலக்கம் 5ஐ அறிய வழியுண்டு. குழலின் அடியில் இரும்பு சீவிய தடமும், குடைந்த குமிழும், உடலிலும் பூட்டுக்கோலிலும் ஒத்து நிற்கும் எண்களும் அதன் சான்றுகள்.

சுட விரும்புவோர் முதலில் தேர்ந்த கம்மியரிடம் பூட்டுக்கோலின் பொருத்தத்தைச் சோதித்தறிதல் வேண்டும். பழைய இராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேற்று இருந்தது. அது வெடித்தபின் குழலினுள் எஞ்சுவது ஒருவகை உப்பு. உப்பளங்களுக்குப் பேர்போன புத்தளக் கரையினருக்கு அதன் குணத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உப்பு காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் இரும்பை அரிக்கும். எண்ணெய் அதனைக் கரைக்காது. ஆதலின், சுட்ட அன்றே கொதிநீரால் குழலைக் கழுவி, உலர்த்தி, அதன்பின்னரே எண்ணெய் இடல் வேண்டும். அந்நாளைய சிப்பாய் செய்ததும் இதுவே.

உடைமை பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரித்தானியாவில் காவல்துறையின் சான்றிதழ் பெற்றோர் இத்துவக்கை வைத்துச் சுடலாம். இந்தியாவில், .303 தோட்டா ஏற்கும் துவக்குகள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றி எவரும் துவக்கு வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. இச்சட்டங்களைச் சுமையென எண்ணுவோரும் உளர். ஆனால், கணக்கில் வராத துவக்கு என்ன செய்யும் என்பதற்கு மலாயாக் காடே சாட்சி. அளவு மீறிய சட்டம் என்ன செய்யும் என்பதற்குப் புடு சிறை சாட்சி.

பழந்துவக்கைப் பேணுபவன் இரண்டையும் நினைவிற்கொள்ளக் கடமைப்பட்டவன். எங்கே செய்யப்பட்டது, எந்தப் படைக்குச் சென்றது, யார் கைமாறி வந்தது என்னும் குறிப்புகளை எழுதி வைத்தலும், பத்திரங்களை ஒழுங்காகக் காத்தலும், எண்ணெய் இடுதலினும் முக்கியமான பராமரிப்பாகும். வரலாறு தெரிந்த கையில் கார்பைன் ஒரு சான்றாவணம். தெரியாத கையில் அது வெறும் இரும்பும் மரமுமே.