படகைப் பார்த்த சட்டமும் குழந்தையைப் பார்த்த சட்டமும்

1912 ஆகஸ்ட் 4 அன்று இலண்டனின் வால்வொர்த் பகுதியைச் சேர்ந்த சாரணச் சிறுவர்கள் பாய்மரப் படகொன்றில் ஷெப்பி தீவை நோக்கிச் சென்றனர். லெய்ஸ்டவுன் கரைக்கு அருகே திடீரென எழுந்த சூறைக்காற்றில் படகு கவிழ்ந்து ஒன்பது சிறுவர்கள் மாண்டனர். அவர்களுடைய உடல்களைத் தலைநகருக்குக் கொண்டுவர, அந்நாளில் கடற்படைத் துறையின் பொறுப்பிலிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் போர்க்கப்பல் ஒன்றை அனுப்பினார். நாடே துக்கம் காத்தது. ஆனால் அந்தச் சாவுகள் காற்றின் செயலாகவே நினைவில் நின்றன.

எண்பத்தொரு ஆண்டுகள் கழித்து அதே நாட்டில் அந்தப் பார்வை மாறியது. 1993 மார்ச் 22 அன்று பிளிமத் நகரப் பள்ளியொன்றின் மாணவர் எட்டுப் பேர், ஓர் ஆசிரியர், இரண்டு பயிற்றுநர்கள் ஆகியோர் லைம் ரீஜிஸிலிருந்து சார்மத் நோக்கிக் கயாக்குகளில் புறப்பட்டனர். செல்லவேண்டிய தொலைவு மிகக் குறைவு. ஆசிரியரின் படகு மீண்டும் மீண்டும் கவிழவே, ஒரு பயிற்றுநர் அவருக்கு உதவியாகப் பின்தங்கினார். மாணவர்களோ மற்றொரு பயிற்றுநருடன் கரைக்காற்றால் கடலுக்குள் தள்ளப்பட்டனர். படகுக்குள் நீர் புகாமல் தடுக்கும் மூடுதுணி அவர்களிடம் இல்லை. ஆபத்தை அறிவிக்கும் ஒளிக்கருவியும் இல்லை. குழு குறித்த நேரத்தில் திரும்பாத நிலையிலும் கடலோரக் காவல் படைக்குத் தகவல் தாமதமாகவே சென்றது. குளிர்நீரில் நெடுநேரம் கிடந்த மாணவர்களுள் நால்வர் உயிரிழந்தனர்.

வழக்கின் திசையைத் தீர்மானித்தது ஒரு கடிதம். அந்தப் பயிற்சி மையத்தில் முன்பு பணியாற்றிய பயிற்றுநர் இருவர், பாதுகாப்புக் குறைகளைச் சுட்டிக்காட்டி முந்தைய ஆண்டே மேலாண்மை இயக்குநருக்கு எழுதியிருந்தனர். ஆபத்து முன்னரே அறியப்பட்டிருந்தது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. 1994 டிசம்பரில் இயக்குநர் சிறைத்தண்டனை பெற்றார். மையத்தை நடத்திய நிறுவனமும் கொலையாகாத உயிர்க்கொலைக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டது. இங்கிலாந்தின் சட்ட வரலாற்றில் ஒரு நிறுவனம் இக்குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

அடுத்த ஆண்டு, பிளிமத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஜேமிசன் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாயிற்று. 1995ஆம் ஆண்டின் அச்சட்டமும் அதையொட்டிய விதிகளும், பெற்றோர் உடன்வராத 18 வயதுக்குட்பட்டோருக்கு நீர் விளையாட்டு, மலையேற்றம், பாறையேற்றம், குகைப்பயணம் ஆகியவற்றைக் கட்டணம் பெற்று நடத்துவோர் உரிமம் பெறவேண்டும் என்றன. ஆய்வாளர் மையத்தை நேரில் ஆராய்ந்த பின்னரே உரிமம் வழங்கப்பட்டது. தம் மாணவரைத் தாமே அழைத்துச் செல்லும் பள்ளிகளுக்கும், தம் உறுப்பினருக்காகச் செயற்படும் தன்னார்வ அமைப்புகளுக்கும் விலக்கு இருந்தது. இந்த வரம்புகளுக்கு இடையிலும் சட்டத்தின் நோக்கு தெளிவானது. படகு உறுதியானதா என்பதைவிட, குழந்தைகளை நீரில் இறக்குபவர் தகுதியுடையவரா என்பதே அதன் முதற்கேள்வி. 2010இல் இந்த உரிம முறையைக் கைவிடலாம் என்று அரசுக்கே பரிந்துரை சென்றது. துயரம் பழையதாகும்போது விதி சுமையாகத் தோன்றுவது இயல்பு.

இந்திய உள்நாட்டு நீர்வழிச் சட்டத்தின் வரலாறு வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கியது. 1917ஆம் ஆண்டின் சட்டம் தன் பெயரிலேயே நீராவிக் கலங்களைக் கொண்டிருந்தது. பதிவு, தகுதிச் சான்று, ஓட்டுநர் சான்று என அதன் கவனமெல்லாம் கலத்தின்மீதும் அதைச் செலுத்துபவர்மீதும் இருந்தது. அதன் இடத்திற்கு வந்த 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் உயிர்காப்புக் கருவிகள், காப்பீடு, மையத் தரவுத்தளம் ஆகியவற்றுக்கும் வகைசெய்தது. இயந்திரமில்லாப் படகுகளையும் கருத்திற்கொண்டது. எனினும் அதன் அடிப்படை அலகு இன்றும் கலமே. கல்விச் சுற்றுலா அன்று.

இந்த வேறுபாட்டின் விலையை இரண்டு நிகழ்வுகள் காட்டுகின்றன. 2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தின் தட்டேக்காட்டில், பெரியாற்றில் சுற்றுலாப் படகு மூழ்கி, அங்கமாலி அருகிலுள்ள பள்ளியொன்றின் மாணவர் 15 பேரும் ஆசிரியர் மூவரும் இறந்தனர். 2009இல் தேக்கடி ஏரியில் 45 பேர் மாண்ட பின், 2010இல் கேரளம் தன் உள்நாட்டுக் கலங்கள் விதிகளை வகுத்தது. 2017இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் படகுப் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நெறிகள் இருந்தன, ஆயினும் 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹரணி ஏரியில் 12 மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் இறந்தனர். 14 பேருக்கான படகில் அதைவிட மிகுதியானோர் ஏற்றப்பட்டிருந்தனர். உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் தரப்படவில்லை.

ஹரணியில் ஏரி மாநகராட்சியுடையது. படகை ஓட்டியது ஒப்பந்ததாரர் தரப்பு. குழந்தைகளை அழைத்து வந்தது பள்ளி. பொறுப்பு இவ்வாறு மூன்றாகப் பிரிந்தபோது, 'இத்தனை பேரை ஏற்ற முடியாது' என்று சொல்லும் கடமை எவருக்கும் முழுமையாக உரியதாகவில்லை. குஜராத் உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்கை எடுத்ததும், மாநகராட்சியை நோக்கிக் கேள்வி எழுப்பியதும், உடைந்த அந்தப் பொறுப்பைச் சம்பவத்திற்குப் பின் ஒன்றுசேர்க்கும் முயற்சியாகும்.

இளையோர் குழுவுக்கு மட்டும் தனிக் கவனம் ஏன் என்ற கேள்விக்கு விடை எளிது. நிரம்பிய படகில் ஏறுவதா என்று வளர்ந்த பயணி தானே முடிவுசெய்யலாம். வரிசையில் நிற்கும் பத்து வயது மாணவனுக்கு அந்த முடிவு இல்லை. அவன் சார்பில் மறுப்பதற்குக் கரையில் ஒருவர் வேண்டும். அவருடைய மறுப்புக்குச் சட்டத்தின் வலுவும் வேண்டும். லைம் வளைகுடாவில் முன்கூட்டியே எச்சரித்த பயிற்றுநர்களுக்கு அறிவு இருந்தது, நெஞ்சுரமும் இருந்தது. படகை நிறுத்தும் அதிகாரம் இல்லை. 1995இல் அந்நாடு நிரப்பியது அந்த வெற்றிடத்தையே. இந்திய விதிகளில் அங்கியின் எண்ணிக்கையும் இருக்கையின் எண்ணிக்கையும் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளன. படகு புறப்படுமுன் அவற்றை எண்ணிப்பார்த்து, குறைந்தால் நிறுத்தவேண்டியவர் யார் என்பது இன்னும் எழுதப்படவேண்டிய வரி.