சைக்கிளும் குட்டி எஞ்சினும்: ராணிப்பேட்டை வழியாக ஒரு சரித்திரம்

எங்க பக்கத்துல மெக்கானிக் வேலை பழகுற பசங்களுக்கு ஒரு ஆசை தவறாம வரும். சைக்கிள்ல ஒரு குட்டி எஞ்சினை மாட்டி ஓட்டிப் பார்க்கணும். மருந்தடிக்கிற ஸ்பிரேயர் எஞ்சின், புல்வெட்டி எஞ்சின், காயலான் கடையில கிடைச்ச டிவிஎஸ் 50 எஞ்சின்னு எது கையில மாட்டினாலும் சரி. ஓடிட்டா "புதுசா கண்டுபிடிச்சுட்டான்"னு தெருவே கூடிடும். ஆனா இது ரொம்பப் பழைய கதைங்க. அதில் ஒரு அத்தியாயம் நம்ம ராணிப்பேட்டையில நடந்திருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஜப்பானுக்குப் போய்ட்டு வந்துடலாம். 1946, போர் முடிந்த மறுவருஷம். ஹமாமட்சு ஊரில் சோய்ச்சிரோ ஹோண்டா என்கிற மெக்கானிக் கண்ணில், ராணுவம் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் எடுக்க வைத்திருந்த சின்ன ஜெனரேட்டர் எஞ்சின் பட்டது. சைக்கிளில் மாட்டினார். பெட்ரோல் டேங்குக்கு? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற டப்பா! முன் சக்கரத்து டயர் மேல் உருளையை அழுத்தி ஓட்டிப் பார்த்தார், சரிவரவில்லை. அப்புறம் பெல்ட் போட்டுப் பின் சக்கரத்துக்கு மாற்றினார். மனைவி சச்சியை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சுமார் 500 எஞ்சின் தீர்ந்ததும் சொந்தமாகவே செய்ய ஆரம்பித்தார். மிச்ச கதை உங்களுக்கே தெரியும்.

அதே சமயத்தில் பிரான்சில் வெலோசொலெக்ஸ், இத்தாலியில் டுகாட்டி பின்னால் தயாரித்த குச்சியோலோ என்று வரிசையாக வந்தன. வெலோசொலெக்ஸும் முன் டயரில் உருளை வைத்த வண்டிதான். மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கும். செயின்தான் நல்லதுன்னு கடைசியில பல பேர் செயினுக்கே வந்தாங்க.

நம்ம நாட்டில் இந்த சைக்கிள்-எஞ்சின் கலப்பு, மொபெட் என்ற பெயரில் கம்பெனி வண்டியாகவே வந்தது. பிரெஞ்சு மோட்டோபெகான் உரிமத்தில் திருப்பதிப் பக்கம் செய்த சுவேகா, 1972-ல் புனேயிலிருந்து வந்த லூனா. பெடலை மிதிச்சு ஸ்டார்ட் பண்ணு, மேட்டுல மூச்சு வாங்கினா நீயும் சேர்ந்து மிதி. அவ்வளவுதான் தத்துவம்.

இப்ப ராணிப்பேட்டை. புல்லட் புகழ் என்ஃபீல்டு கம்பெனிக்குத் திருவொற்றியூர் தொழிற்சாலை தெரியும். 1980-களில் சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்காக அவர்கள் ராணிப்பேட்டையிலும் ஒரு ஆலை வைத்திருந்தார்கள் என்பது நம்ம ஊர்ப் பசங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர் இரண்டும் 50 சி.சி., ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனி தொழில்நுட்பம். (அந்த சுண்டாப் 1984-ல் திவாலாகி, இயந்திரங்கள் சீனாவுக்குப் போனது தனிக்கதை.) இதே என்ஃபீல்டு 22 சி.சி.யில் மோஃபா என்று ஒன்றும் விட்டது. கிட்டத்தட்ட சைக்கிளேதான். ஜெர்மன் மொழியில் மோட்டார் சைக்கிளுக்குத் தம்பியான மோட்டார் மிதிவண்டியைச் சுருக்கினால் மோஃபா.

நல்ல வண்டிகள்தான். ஆனா ஜெயிச்சது ராணிப்பேட்டை இல்லை, ஓசூர். 1980-ல் வந்த டிவிஎஸ் 50-ஐ இந்தியாவின் முதல் இரண்டு பேர் போகும் மொபெட் என்பார்கள். கியர் கிடையாது, தானியங்கி கிளட்ச். என் கணிப்பில் அந்த "இரண்டு பேர்"தான் எல்லாத்தையும் முடிவு பண்ணியது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஒருத்தன் வண்டி வாங்கினா அவன் மட்டுமா போறான்? வீட்டம்மாவை ஷூ கம்பெனி வாசல்ல இறக்கிவிட்டு, அப்புறம் டேனரிக்குப் போகணும். சாயங்காலம் கேரியர்ல அரிசி மூட்டை, நடுவுல பையன். 22 சி.சி. என்ன செய்யும் பாவம்! கம்பெனிக்காரர்கள் கிலோமீட்டர் கணக்குப் பார்த்தார்கள், நம்ம ஆள் சுமைக் கணக்குப் பார்த்தான்.

அதனாலதான் எக்ஸ்எல் இன்னும் ஓடுது. 2015-ல் நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது. பெடல் எப்பவோ போச்சு, ஆனாலும் பேரு மொபெட்தான் :-)

வீட்டில் செய்யும் பசங்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினை உட்கார வைக்கிறது பெரிய விஷயமில்லை. ஃபிரேமில் கிளாம்ப் போட்டு, பின் சக்கரத்தில் இடது பக்கம் ஒரு பல்சக்கரம் மாட்டி, இரண்டாவது செயின் விட்டால் ஓடும். நிறுத்துறதுதான் பிரச்சினை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. கம்பி இழுத்து ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் கட்டைக்கு அது தாங்காது. ஹோண்டா அன்று ஓட்டிய தெருவில் லாரிகள் குறைவு. நமக்கு சென்னை–பெங்களூரு ஹைவே வீட்டு வாசலிலேயே போகுது.

சட்டமும் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி நாலுக்குக் குறைவான சக்கரமும், 25 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. இன்டர்நெட்டில் விற்கும் 80 சி.சி. சீன கிட் அந்தக் கோட்டுக்கு வெளியே. பதிவு இல்லாமல் ரோட்டில் ஏற்றினால் போலீஸ் பிடிச்சா பேசவே முடியாது. மின்சாரத்துக்கு 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்று விதிவிலக்கு உண்டு (அதுக்கும் சில நிபந்தனைகள் இருக்கு, படிச்சுட்டு வாங்குங்க). சக்கர நடுவுல மோட்டார் வைத்த சைக்கிளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மோஃபா ஞாபகம்தான் வருது. அதே ஒரு ஆள் வண்டி. பின்னால் அரிசி மூட்டை ஏற்ற முடியுமான்னு இன்னும் யாரும் எனக்கு ஓட்டிக் காட்டலை.