நானூறு டாலரும் ஐம்பது டாலரும்

1998 டிசம்பர் 16. அமெரிக்கப் பங்குச் சந்தையில் அமேசான் பங்கு ஒன்றின் விலை சுமார் 240 டாலர். அப்போது அந்த நிறுவனம் இணையத்தில் பெரும்பாலும் புத்தகம்தான் விற்றுக்கொண்டிருந்தது. லாபம் என்பதைக் கண்ணால் பார்த்ததில்லை. அன்று ஹென்றி பிளாட்ஜெட் என்ற இளம் ஆய்வாளர், ஓராண்டுக்குள் இது 400 டாலரைத் தொடும் என்று அறிக்கை விட்டார். மெரில் லிஞ்ச் என்ற பெரிய நிறுவனத்தின் ஆய்வாளர் ஜோனதன் கோஹன், 50 டாலருக்கு மேல் தராது என்றார். இருவர் கையிலும் இருந்தது ஒரே வரவு செலவுக் கணக்குதான்.

அன்று உங்கள் கையில் சேமிப்பு இருந்திருந்தால் யார் பேச்சைக் கேட்டிருப்பீர்கள்?

பிளாட்ஜெட்டின் அறிக்கை வந்த அன்றே பங்கு 40 டாலருக்கு மேல் ஏறியது. அதாவது, கணிப்பே விலையை ஏற்றியது. சில வாரங்களில் 400-ஐயும் தாண்டியது. கோஹன் மெரில் லிஞ்சை விட்டுப் போனார். 1999 தொடக்கத்தில் அந்த இருக்கையில் பிளாட்ஜெட் வந்து உட்கார்ந்தார். சந்தை தீர்ப்பு சொல்லிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1999-இல் அமேசான் இரண்டு முறை பங்குகளைப் பிரித்ததில் பழைய பங்கு ஒன்று ஆறானது. அந்த ஆறின் மதிப்பு ஆண்டு முடிவதற்குள் 600 டாலரைத் தாண்டியது. 2001 செப்டம்பர் கடைசியில் அதே ஆறும் சேர்ந்து சுமார் 36 டாலர். கோஹன் சொன்ன 50-க்கும் கீழே! பழைய உச்சத்தை மீண்டும் பார்க்க 2009 ஆனது. அதற்குப் பிறகு பங்கு எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். ஆக, இரண்டு நிபுணர்களும் சரி, இரண்டு பேரும் தவறு. எந்தத் தேதியில் நின்று பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒருவருடைய ஒரு கணிப்பு பலித்தது என்பதற்காக அடுத்த கணிப்பை நம்புவது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே படும்.

கணிப்பு தவறுவது குற்றமில்லை. பிளாட்ஜெட்டின் கதையில் குற்றச்சாட்டு வேறு. இணைய நிறுவனங்களின் புதுப் பங்குகளைச் சந்தைக்குக் கொண்டுவருவதும், நிறுவனங்களை வாங்க விற்க ஆலோசனை சொல்வதும் மெரில் லிஞ்சுக்குப் பெரிய கட்டணம் தரும் தொழில். அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவு, அந்தப் பங்குகளை வாங்கலாமா என்று பொதுமக்களுக்குச் சொல்லும். வரன் வீட்டாரிடம் தரகுப் பணம் வாங்கிக்கொண்டு பெண் வீட்டாருக்கு விசாரித்துச் சொல்வது போன்ற ஏற்பாடு.

2002 ஏப்ரலில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர், மெரில் லிஞ்சின் உள் மின்னஞ்சல்களை நீதிமன்றத்தில் வைத்தார். வெளியே உயர்ந்த மதிப்பீடு தரப்பட்ட இன்ஃபோஸ்பேஸ் பங்கை, உள்ளே பிளாட்ஜெட் குப்பை என்று எழுதியிருந்தார். வங்கிப் பிரிவுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்பது பெரிய பொய் என்று குழுவிலேயே ஒருவர் எழுதியிருந்தார். மெரில் லிஞ்சின் மதிப்பீட்டு அளவுகோலில் ஐந்து படிகள். அதில் ‘குறைத்துக்கொள்ளுங்கள்’, ‘விற்றுவிடுங்கள்’ என்ற கடைசி இரண்டு படிகளை இணையப் பிரிவு ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்பது ஸ்பிட்சரின் குற்றச்சாட்டு. சந்தை தரைமட்டமானபோதும்.

இதற்கு முன்பே நியூயார்க்கில் ஒரு குழந்தை மருத்துவர் வழக்குப் போட்டிருந்தார். இன்ஃபோஸ்பேஸ் சரிந்துகொண்டிருந்தபோது விற்க நினைத்தவரை, வைத்திருக்கும்படி தரகர் தடுத்ததாகவும் சுமார் 5 லட்சம் டாலர் போனதாகவும் சொன்னார். இன்ஃபோஸ்பேஸ் அப்போது வாங்கவிருந்த நிறுவனத்துக்கு ஆலோசகர் யார் தெரியுமா? மெரில் லிஞ்ச்தான். 2001 ஜூலையில் 4 லட்சம் டாலர் கொடுத்து அந்த வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

எல்.கே.ஜி. சீட்டுக்கு நாம் மட்டும்தான் அலைகிறோம் என்று நினைக்காதீர்கள். தொலைத்தொடர்புப் பங்குகளில் ஜாம்பவான் என்று பெயரெடுத்த ஜாக் கிரப்மன், ஏடி அண்ட் டி பங்கை நெடுநாள் தள்ளியே வைத்திருந்தவர், 1999 நவம்பரில் திடீரென்று வாங்கச் சொன்னார். அவருடைய முதலாளி நிறுவனமான சிட்டிகுரூப்பின் தலைவர் சாண்ஃபோர்ட் வைல், ஏடி அண்ட் டியின் இயக்குநர் குழுவிலும் இருந்தார். அதே சமயம் கிரப்மன் தன் இரட்டைக் குழந்தைகளுக்கு மன்ஹாட்டனில் ஒரு மழலையர் பள்ளியில் இடம் கேட்டு வைலின் உதவியை நாடியிருந்தார். இடம் கிடைத்தது, சிட்டிகுரூப் அந்தப் பள்ளியை நடத்தும் அமைப்புக்கு 10 லட்சம் டாலர் நன்கொடை தர ஒப்புக்கொண்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று தானே மின்னஞ்சலில் எழுதியிருந்த கிரப்மன், அது வெறும் பீற்றல் என்று பிறகு மறுத்தார்.

2003 ஏப்ரலில் 10 பெரிய நிறுவனங்கள் சுமார் 140 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டன. பிளாட்ஜெட்டுக்கு 40 லட்சம் டாலர், கிரப்மனுக்கு 1.5 கோடி டாலர், இருவருக்கும் பங்குத் தொழிலில் ஆயுள் தடை. குற்றத்தை ஒப்புக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை.

நம் ஊர்க் கதை இதைவிடச் சுத்தமானதல்ல. 2000-இல் கேத்தன் பரேக் கை வைத்த பங்குகள் ‘கே-10’ என்ற பெயரில் பறந்தன; சென்னையின் பென்டாமீடியா கிராஃபிக்ஸ், டி.எஸ்.க்யூ. சாஃப்ட்வேர் இரண்டும் அதில் உண்டு. 2001 மார்ச்சில் அவர் கைதானார். பிறகு சத்யம். 2008 செப்டம்பரில் நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருது வாங்கிய நிறுவனம், 2009 ஜனவரி 7 அன்று கணக்கில் காட்டிய 5,040 கோடி ரூபாய் ரொக்கம் இல்லவே இல்லை என்று தலைவரின் கடிதம் மூலம் ஒப்புக்கொண்டது. பங்கு ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. விருதுக் குழுவும் பெயர்பெற்ற தணிக்கை நிறுவனமும் பிடிக்காததை, மூன்று வாரம் முன்பு முதலீட்டாளர்கள் பாதி பிடித்துவிட்டார்கள். தலைவரின் குடும்ப நிறுவனங்களான மேட்டாஸை 160 கோடி டாலருக்கு வாங்கும் திட்டத்தை அறிவித்ததுமே அவர்கள் போட்ட சத்தத்தில், சத்யம் அதைக் கைவிட வேண்டியிருந்தது. பணம் எங்கே போகிறது என்று மட்டும்தான் அவர்கள் பார்த்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் பிறகு, 2014-இல் செபி ஆய்வாளர்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. பதிவு செய்த ஆய்வாளருக்கு ‘ஐ.என்.எச்.’ என்று தொடங்கும் எண் உண்டு. செபி இணையதளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். தான் பரிந்துரைக்கும் பங்கு தன்னிடம் இருக்கிறதா, அந்த நிறுவனத்திடம் ஏதாவது கட்டணம் வாங்கினாரா என்று அறிக்கையிலேயே சொல்ல வேண்டும். அறிக்கைக்கு 30 நாள் முன்பும் 5 நாள் பின்பும் அந்தப் பங்கில் சொந்த வியாபாரம் கூடாது. இந்த விவரமெல்லாம் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நான் அறிக்கையை அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். பிறகு அவர் இதுவரை எதையாவது விற்கச் சொல்லியிருக்கிறாரா என்று தேடுவேன். நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும் ‘அடுத்த இன்ஃபோசிஸ்’ செய்திகளில் கடைசிப் பக்கமே கிடையாது.

பிளாட்ஜெட் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். தடை பங்குத் தொழிலுக்குத்தானே, எழுத்துக்கு இல்லையே. அவர் இணைந்து தொடங்கிய வணிகச் செய்தித் தளம் பிசினஸ் இன்சைடர் என்ற பெயரில் வளர்ந்து, 2015-இல் ஜெர்மனியின் ஆக்செல் ஸ்பிரிங்கர் நிறுவனத்துக்குக் கைமாறியது. அதில் வந்த கட்டுரை ஒன்றிரண்டை நீங்களும் படித்திருப்பீர்கள்.